வளரும்போதே பார்த்தவர்

நுழையும்முன்

நினைப்பதும் மறப்பதும் அஞ்சுவதும் அன்பு செலுத்துவதும் மூளையின் செயல்களே. மூளையிலுள்ள கோடிக்கணக்கான நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்வதால்தான் இவையெல்லாம் நிகழ்கின்றன. அத்தொடர்புகள் எவ்வாறு உருவாகின்றன என்பதை அறிய, இன்று ஆய்வகங்களில் குருத்தணுக்களிலிருந்து சிறு மூளைத்திசுக்களையே வளர்த்துப் பார்க்கின்றனர். மூளையை அறிய வேண்டுமானால் அது வளரும்போதே பார்க்க வேண்டும் என்னும் எண்ணத்திற்கு வலுவான அடித்தளம் இட்டவர், ஒரு நூற்றாண்டுக்கு முன் ஸ்பெயினில் வாழ்ந்த ஓர் ஆசிரியர். ஓவியராக விரும்பி மருத்துவரான அவரது வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தந்தையும் மகனும்

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில், மலைகளுக்கிடையே அமைந்த சிற்றூர் பெட்டில்யா தெ அரகோன். அவ்வூரில் 1852ஆம் ஆண்டு மே முதல் நாள் சாந்தியாகோ ரமோன் இ கஹால் பிறந்தார். தந்தை ஹுஸ்தோ ரமோன். தாய் அன்டோனியா கஹால். தந்தையார் எளிய உழவர் குடும்பத்தைச் சேர்ந்தவர். முடிதிருத்தும் தொழிலையும் சிறு அறுவை மருத்துவத்தையும் ஒருவரே செய்துவந்த அக்காலத்தில், அத்தகைய ஒருவரிடம் பணியாளராகச் சேர்ந்து, பின்னர்த் தம் உழைப்பால் கற்று மருத்துவராக உயர்ந்தவர். வறுமையிலிருந்து கல்வி ஒன்றே தம்மை மீட்டது என்பதில் அவருக்கு ஐயமில்லை. மகனும் மருத்துவராக வேண்டும் என்பது அவரது முடிவு.

மகனின் மனமோ ஓவியத்தில் இருந்தது. கையில் கிடைத்த தாளிலெல்லாம் வரைந்தான்; சுவர்களும் கதவுகளும்கூட அவனுக்குத் தாள்களாயின. ஓவியம் சோறு போடாது என்று கருதிய தந்தை, அவன் வரைந்தவற்றைப் பறித்தார். எனினும் மகனுக்குத் திறமை உண்டா என்பதைத் தெரிந்துகொள்ள ஒருமுறை அவன் வரைந்த புனிதர் படம் ஒன்றை, ஊர்த் தேவாலயச் சுவருக்கு வண்ணம் பூச வந்திருந்த ஒருவரிடம் காட்டினார். அவர் அப்படத்தைத் தேறாதது என்று சொல்லிவிட்டார். அத்துடன் அந்தச் சிறுவனின் ஓவியக் கனவுக்குத் தீர்ப்பு எழுதப்பட்டது.

பள்ளியும் அவனுக்கு உகந்ததாக இல்லை. ஹாக்கா என்னும் ஊரில் துறவியர் நடத்திய பள்ளியில் மனப்பாடமும் பிரம்படியுமே கல்வி முறையாக இருந்தன. பொருள் புரியாமல் ஒப்பிக்க அவனால் இயலவில்லை. குறும்பும் மிகுந்தது. பதினோராம் வயதில் தானே ஒரு சிறு பீரங்கியைச் செய்து, அண்டை வீட்டுத் தோட்டக் கதவைத் தகர்த்ததற்காகச் சில நாள் சிறையிலும் இருந்தான். மகனைத் திருத்த எண்ணிய தந்தை, அவனை முடிதிருத்துபவரிடமும் காலணி தைப்பவரிடமும் வேலைக்கு அனுப்பினார். படிப்பில் பின்தங்கியவன், அடங்காதவன் என்பதே அவனைப் பற்றி ஊர் அறிந்த செய்தி.

தெரிந்து தெளிவோம்: ஸ்பெயின் நாட்டில் ஒருவர் தந்தையின் குடும்பப் பெயரையும் தாயின் குடும்பப் பெயரையும் சேர்த்தே தாங்குவது மரபு. ரமோன் தந்தை வழிப் பெயர்; கஹால் தாய் வழிப் பெயர். இடையில் நிற்கும் ‘இ’ என்பது தமிழின் ‘உம்’ போன்ற இணைப்புச் சொல். இன்று உலகம் அவரைத் தாய்வழிப் பெயராலேயே பெரிதும் அறிகிறது.

எலும்புகள் காட்டிய வழி

1868ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில் தந்தை ஒரு புதிய வழியைக் கையாண்டார். பதினாறு வயது மகனைப் பழைய இடுகாட்டிற்கு அழைத்துச் சென்று, அங்குச் சிதறிக் கிடந்த எலும்புகளைத் திரட்டி வந்தார். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் மேடும் பள்ளமும் வளைவும் துளையும் எதற்காக அமைந்தவை என்று விளக்கினார். மகன் அவற்றை வரையத் தொடங்கினான். எது வீண் என்று தந்தையால் தடுக்கப்பட்டதோ அதுவே கற்கும் கருவியானது. உடலியல் அவனுக்கு மனப்பாடப் பாடமாகத் தோன்றவில்லை. கண்டு, தொட்டு, வரைந்து அறியும் பொருளாகத் தோன்றியது.

சரகோசா நகரில் மருத்துவம் பயின்ற கஹால் 1873இல் பட்டம் பெற்றார். அவர் உடற்கூற்றுப் படங்களைத் தீட்ட, அவற்றை ஒரு நூலாக வெளியிடத் தந்தையே விரும்பினார். அப்படங்களின் நுட்பத்தை அச்சிடும் வசதி அந்நகரில் இல்லாததால் அம்முயற்சி நிறைவேறவில்லை. ஆயினும் தந்தைக்கும் மகனுக்கும் இடையே இருந்த நெடுநாள் வழக்கு அங்கே தீர்ந்தது.

அடுத்து வந்தது படைப்பணி. அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாத் தீவில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. 1874இல் படை மருத்துவராக அங்குச் சென்ற கஹாலை மலேரியாக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வாட்டின. நோயாளிகளைக் காக்கச் சென்றவர் நோயாளியாகவே 1875இல் தாயகம் திரும்பினார். அப்பணியில் கிடைத்த ஊதியத்தில் மிச்சப்படுத்தியதைக் கொண்டு நுண்ணோக்கி ஒன்றை வாங்கினார். வீட்டிலேயே சிறு ஆய்வுக்கூடம் அமைந்தது. 1878இல் காசநோய் தாக்கியது. மலைப்பகுதியில் ஓய்வெடுத்து உடல் தேறினார். மறு ஆண்டில் சில்வேரியா ஃபன்யானாஸ் என்பவரை மணந்தார். எழுவர் பிறந்த அக்குடும்பத்தில், சுருங்கிய வருவாயைக்கொண்டு வீட்டையும் கணவரின் ஆய்வையும் ஒருங்கே நடத்தியவர் அவ்வம்மையாரே.

1884இல் வாலென்சியா பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். மறு ஆண்டு காலரா பரவியபோது அந்நோயைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அப்பணியைப் பாராட்டிச் சரகோசா மாகாண ஆட்சியினர் அவருக்குச் சைஸ் நிறுவனத்தின் சிறந்த நுண்ணோக்கி ஒன்றைப் பரிசளித்தனர். வசதியான நாடுகளின் அறிஞர்களுக்கு இணையான கருவி அவர் கைக்கு அப்போதுதான் கிடைத்தது.

மூளை என்னும் புதிர்

அக்காலத்து அறிவியலுக்கு மூளை ஒரு பெரும்புதிராக இருந்தது. உயிரினங்களின் உடல் செல்களால் ஆனது என்னும் கொள்கை 1839 முதல் வேரூன்றியிருந்தது. தோலும் தசையும் கல்லீரலும் தனித்தனிச் செல்களால் ஆனவை என்பதை நுண்ணோக்கி காட்டியது. மூளையை மட்டும் அவ்வாறு காட்ட இயலவில்லை. அதன் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் வைத்தால் எண்ணற்ற இழைகள் பின்னிக் கிடப்பதே தெரிந்தது. எந்த இழை எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பது புலப்படவில்லை. எனவே, மூளை முழுவதும் இடைவெளியின்றி இணைந்த ஒரே வலை என்று அறிஞர் பலர் கருதினர்.

இக்கருத்து சரியா, தவறா என்பது சிறிய வினா அன்று. மூளை ஒரே வலையாக இருந்தால், ஒரு செய்தி எவ்வழியே செல்கிறது என்று கேட்பதற்கே இடமில்லை. ஒரு பகுதி கெட்டால் ஒரு குறிப்பிட்ட திறன் மட்டும் ஏன் கெடுகிறது என்பதை விளக்குவதும் கடினம்.

இத்தாலி நாட்டு மருத்துவர் கமில்லோ கோல்கி 1873இல் ஒரு புதிய சாயமேற்றும் முறையைக் கண்டறிந்திருந்தார். மூளைத்திசுவைப் பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசலில் ஊறவைத்து, பின்னர் வெள்ளி நைட்ரேட்டில் இட்டால், சில செல்கள் மட்டும் கருநிறம் பெறும். மற்றவை நிறமின்றி ஒளி ஊடுருவுமாறு நிற்கும். எல்லாச் செல்களும் கருத்தால் இருள்தான் மிஞ்சும். நூற்றில் சிலவே கருப்பதால் அவை கிளைகளுடன் முழு உருவில் தெளிந்து தோன்றும். உயிரியல் பாடத்தில் நீங்கள் கற்கும் கோல்கை உறுப்பு இவர் பெயரால் வழங்குவதே. ஆனால், இம்முறை எப்போதும் ஒரே விளைவைத் தராததால் அறிஞர் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. கோல்கியோ அதன்வழியே கண்டவற்றைக்கொண்டும் மூளை ஒரு வலை என்றே கருதினார்.

1887இல் மாட்ரிட் நகருக்குச் சென்ற கஹாலுக்கு, லூயிஸ் சிமாரோ என்னும் மருத்துவர் அம்முறையில் சாயமேற்றிய மூளைச் சீவல்களைக் காட்டினார். மஞ்சள் பின்னணியில் மையால் வரைந்தவை போல நின்ற அச்செல்களைக் கண்டதும், தம் வாழ்நாள் பணி எதுவென்று கஹாலுக்குத் தெளிவாயிற்று. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அதே ஆண்டில் பார்சிலோனாப் பல்கலைக்கழகத்திற்கு மாறினார்.

இளமையில் இருக்கிறது விடை

கோல்கியின் முறையைக் கஹால் செம்மைப்படுத்தினார். ஒருமுறைக்கு இருமுறை சாயத்தில் தோய்த்தார். சீவல்களைச் சற்றுத் தடிப்பாக்கினார். எனினும் அவரது வெற்றிக்குப் பெருங்காரணமாக அமைந்தது, எதைப் பார்ப்பது என்னும் தேர்வே ஆகும். முழுவளர்ச்சி பெற்ற மூளையில் நரம்பிழைகளின்மேல் மயலின் என்னும் கொழுப்புறை படர்ந்திருக்கும். அவ்வுறை உள்ள இடத்தில் சாயம் சரிவர ஏறுவதில்லை. எனவே, அவர் முட்டைக்குள் வளரும் கோழிக்கருவையும் பறவைக்குஞ்சுகளையும் பிறந்து சில நாளே ஆன சிறு பாலூட்டிகளையும் எடுத்துக்கொண்டார்.

கட்டி முடித்த வீட்டில் மின்கம்பிகள் சுவருக்குள் மறைந்துவிடும். எந்தக் கம்பி எந்த விளக்குக்குச் செல்கிறது என்பதை வெளியிலிருந்து அறிய இயலாது. பூச்சு வேலை தொடங்கும் முன் சென்று பார்த்தால் ஒவ்வொரு கம்பியின் வழியையும் விரலால் தொடரலாம். கஹால் செய்தது அதுவே. கட்டி முடிந்த மூளையை விட்டுக் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் மூளையைப் பார்த்தார்.

1888ஆம் ஆண்டு அவர் வாழ்வின் பொன்னாண்டு. பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்தபோது, சில செல்களின் இழைகள் பர்கின்ஜி எனப்படும் பெரிய செல்களைக் கூடை போலச் சூழ்ந்து, அவற்றுடன் ஒன்றிவிடாமல் முடிவடைவதைக் கண்டார். விழித்திரையிலும் தண்டுவடத்திலும் அதே காட்சி. இழைகள் நெருங்குகின்றன, தொடுகின்றன, ஆனால் ஒன்றாக உருகிவிடுவதில்லை. ஆகவே மூளை ஒரே வலை அன்று. தனித்தனிச் செல்களின் கூட்டமே என்ற முடிவுக்கு வந்தார்.

1890இல் மற்றொன்றையும் கண்டார். கோழிக்கருவின் தண்டுவடத்தில், வளரும் நரம்பிழையின் நுனி கூம்பு போல விரிந்திருந்தது. அவர் பார்த்தது உயிரற்ற, சாயமேற்றிய, அசையாத சீவல். ஆயினும் வெவ்வேறு வளர்ச்சிநிலைகளின் சீவல்களை அடுத்தடுத்து ஒப்பிட்டு, அந்நுனி திசுக்களுக்கிடையே வழி தேடி முன்னேறுகிறது என உய்த்துணர்ந்தார். அதற்கு வளர்கூம்பு எனப் பெயரிட்டார். சென்றுசேர வேண்டிய இடத்திலிருந்து வரும் வேதிப்பொருள்களே அதை ஈர்க்கின்றன என்றும் பின்னர்க் கருதினார். அசையாத படங்களிலிருந்து அசைவைக் கண்டறிந்த அத்திறன், இளமையில் தேறாதது எனத் தள்ளப்பட்ட ஓவியக் கண்ணின் கொடை.

பெர்லினில் ஒரு நாள்

கண்டறிவது ஒன்று, பிறர் ஏற்கச் செய்வது மற்றொன்று. அறிவியல் அன்று செர்மனிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பேசியது. ஸ்பானிய மொழியில் எழுதப்பட்ட ஆய்வை வெளிநாட்டு அறிஞர் படிப்பதில்லை. 1888இல் கஹால் தம் சொந்தப் பணத்தில் ஓர் ஆய்விதழைத் தொடங்கி, படங்களையும் தாமே வரைந்து, படிகளை வெளிநாடுகளுக்கு அனுப்பினார். பெரும்பாலும் மறுமொழி இல்லை.

1889 அக்டோபரில் பெர்லினில் செர்மானிய உடற்கூற்றியல் கழகத்தின் மாநாடு கூடியது. பெரிய குடும்பத்தின் செலவுகளுக்கிடையே சேர்த்துவைத்த பணத்துடன், தம் சீவல்களைச் சுமந்துகொண்டு கஹால் அங்குச் சென்றார். அவரை அறிந்தவர் அங்கு எவருமில்லை. அவர் பேசிய பிரெஞ்சு திருத்தமாக இல்லை. ஆனால் சீவல்களுக்கு மொழி தேவைப்படவில்லை. நுண்ணோக்கிகளில் அவற்றைப் பொருத்திவைத்து, வந்தவர்களைப் பார்க்கச் செய்தார். அவர்களுள் ஒருவர், உடற்கூற்றியலில் பேரறிஞராக மதிக்கப்பட்ட ஆல்பர்ட் ஃபான் கோலிக்கர். எழுபத்திரண்டு வயதான அவர் அதுவரை வலைக் கொள்கையின் பக்கம் நின்றவர். தம் கண்ணால் கண்டபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். கஹாலின் எழுத்துகளைப் படிப்பதற்காக அம்முதுமையில் ஸ்பானிய மொழியையும் கற்றார். கண்டறிந்த இளையவரின் பெருமைக்குச் சற்றும் குறையாதது, தவற்றை ஒப்புக்கொண்ட மூத்தவரின் பெருமை.

1891இல் செர்மானிய அறிஞர் வால்டையர் நரம்புச் செல்லுக்கு நியூரான் என்னும் பெயரை வழங்கினார். 1892இல் கஹால் மாட்ரிட் பல்கலைக்கழகத்திற்கு மாறினார். செய்தி டெண்ட்ரைட்டுகள் வழியே செல்லுக்குள் வந்து, ஆக்ஸான் வழியே வெளியேறுகிறது என்னும் விதியையும் அவர் வகுத்தார். அவர் வரைந்த நரம்புப் படங்களில் சிறு அம்புக்குறிகள் இடம்பெற்றன. 1897இல் ஆங்கில அறிஞர் செரிங்டன், இரு நியூரான்கள் சந்திக்கும் இடத்திற்குச் சினாப்ஸ் என்று பெயரிட்டார்.

ஒரே மேடையில் இருவர்

1906ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு கோல்கிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் கருவியைத் தந்தவர். மற்றவர் அக்கருவியால் உண்மையைக் கண்டவர். இருவரும் முதன்முதலாகச் சந்தித்தது அப்போதுதான். கோல்கி தம் நோபல் உரையிலேயே நியூரான் கொள்கையை மறுத்துப் பேசினார். மறுநாள் பேசிய கஹால், தாம் கண்டவற்றை அமைதியாக எடுத்துரைத்தார்.

அவர்களது வழக்கைத் தீர்க்கும் திறன் அக்காலத்து நுண்ணோக்கிகளுக்கு இல்லை. 1950களில் மின்னணு நுண்ணோக்கி சினாப்சை உருப்பெருக்கிக் காட்டியது. இரு நியூரான்களுக்கிடையே ஏறத்தாழ 20 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி இருந்தது. கஹால் கூறியது மெய்யாயிற்று. எனினும் சில இடங்களில் நியூரான்கள் நுண்ணிய வாயில்களால் நேரடியாக இணைந்திருப்பதும் பின்னர்த் தெரியவந்தது. கோல்கியின் கருத்திலும் ஒரு துளி உண்மை இருந்தது என்பதை அறிவியல் மறைக்கவில்லை.

கஹால் 1934 அக்டோபர் 17இல் மாட்ரிட்டில் காலமானார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், நரம்புகள் சிதைவதையும் மீண்டும் வளர்வதையும் பற்றிய பெருநூலை எழுதியிருந்தார். கை கால்களின் நரம்புகள் வெட்டுண்டால் மீண்டும் வளர, முதிர்ந்த மூளையின் பாதைகள் அவ்வாறு மீள்வதில்லை என்று அதில் கண்டிருந்தார். அம்முடிவு அவருக்கு மகிழ்ச்சி தரவில்லை; அதை மாற்றும் வழியை எதிர்கால அறிவியலே தேட வேண்டும் எனக் கருதினார். அவர் விட்டுச்சென்ற ஆவணங்களையும் ஓவியங்களையும் யுனெஸ்கோ நிறுவனம் 2017இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

ஆய்வகத்தில் வளரும் திசு

கஹால் உய்த்துணர்ந்ததை உயிருடன் கண்டவர் அமெரிக்க அறிஞர் ராஸ் ஹாரிசன். 1907இல் அவர் தவளைக்கருவின் நரம்புத் திசுவை ஒரு துளி நிணநீரில் வைத்து வளர்த்தார். நுண்ணோக்கியில் நரம்பிழை நீண்டு வளர்வதையும் அதன் நுனி அசைவதையும் கண்டார். உடலுக்கு வெளியே உயிர்த்திசுவை வளர்த்து ஆராயும் துறைக்கு அது தொடக்கமாயிற்று.

ஆயினும் மனித மூளை கருப்பையில் உருவாகும்போது, அதைத் திறந்து பார்க்க இயலாது. பார்ப்பது அறமும் ஆகாது. விலங்குகளின் மூளை மனித மூளைக்கு முழு ஈடாகாது. இத்தடையைக் கடக்கும் வழி குருத்தணுக்களில் கிடைத்தது. குருத்தணு என்பது பலவகைச் செல்களாக மாறவல்ல தொடக்கநிலைச் செல். சப்பானிய அறிஞர் ஷின்யா யாமனாகாவின் குழு 2006இல் எலியின் செல்களையும் 2007இல் மனிதத் தோல் செல்களையும் குருத்தணு நிலைக்குத் திருப்பிக் காட்டியது. 2013இல் வியன்னா நகர ஆய்வகம் ஒன்றில் மேடலின் லங்காஸ்டரும் யூர்கன் நோப்லிக்கும் அவர்தம் குழுவினரும், குருத்தணுத் திரளைக் கூழ் போன்ற பொருளில் பதித்து, ஊட்டக்கரைசலில் சுழலவிட்டு வளர்த்தனர். அச்செல்கள் தாமே அடுக்கடுக்காக ஒழுங்கமைந்து, கருவின் மூளையை ஒத்த சிறு திசுவாயின. அதன் அளவு ஒரு பட்டாணி. அதுவே மூளை ஆர்கனாய்டு.

பிறவியிலேயே சிறிய மூளையுடைய ஒருவரின் தோல் செல்களிலிருந்தும் அக்குழுவினர் ஆர்கனாய்டு வளர்த்தனர். போதிய அளவு பெருகும் முன்பே செல்கள் நியூரான்களாக மாறிவிடுவதால் திசு சிறுத்துப் போவதை அதில் கண்டனர். பின்னர், மூளையின் வெவ்வேறு பகுதிகளை ஒத்த இரு ஆர்கனாய்டுகளை அருகருகே வைத்து வளர்த்தபோது, ஒன்றிலிருந்து நியூரான்கள் மற்றொன்றுக்குள் நகர்ந்து இணைப்புகளை உண்டாக்குவதையும் அறிஞர்கள் கண்டனர்.

ஆர்கனாய்டு மூளை அன்று. அதில் இயல்பாக இரத்தக்குழாய்கள் அமைவதில்லை; எனவே குறிப்பிட்ட அளவுக்குமேல் வளர்ந்தால் நடுவிலுள்ள செல்கள் ஊட்டமின்றி மடியும். அதற்குக் கண்ணும் செவியும் இல்லை. கற்கும் உலகமும் இல்லை. ஆயினும் அது மேலும் வளர்ந்து சிக்கலடையும்போது எவ்வரம்புக்குள் நின்று ஆராய்வது என்னும் அறவினாவை அறிஞர்கள் இப்போதே எழுப்பியுள்ளனர். மனிதச் செல்லைக் கையாளும் கைக்கு நுட்பத்துடன் பொறுப்பும் வேண்டும்.

கருவிகள் மாறிவிட்டன. கஹால் கையால் சீவிய திசுவை இன்று கணினி படம் பிடிக்கிறது. அவர் ஊகித்த அசைவை இன்று திரையில் காணலாம். ஆனால் வினா மாறவில்லை. ஒரு நியூரான் எவ்வாறு வளர்கிறது, எதைத் தேடிச் செல்கிறது, எங்கே கைகோக்கிறது என்பதே அன்றும் இன்றும் வினா. இடுகாட்டிலிருந்து வந்த எலும்பைத் தாளில் வரைந்த அச்சிறுவனின் பொறுமையே, இன்றும் ஆய்வகத்தில் திசு வளரக் காத்திருப்பவரின் முதற்கருவி.

கற்பவை கற்றபின்

1. கோல்கி, கஹால் ஆகிய இருவரும் ஒரே முறையைக் கையாண்டும் வெவ்வேறு முடிவுகளுக்கு வந்ததன் காரணங்களைக் குழுவாகக் கலந்துரையாடுக.

2. தாய்மொழியில் எழுதப்படும் அறிவியல் ஆய்வுகள் உலகைச் சென்றடைய மேற்கொள்ள வேண்டிய வழிகள் குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ஊறவைத்த அவரை விதையொன்று முளைப்பதைப் பத்து நாள் நோக்கி, நாள்தோறும் படம் வரைந்து, கண்ட மாற்றங்களை வகுப்பில் விளக்குக.